காயலாங்கடைக் கத்தியில் சவரம்: வாங்குவதிலிருந்து மழிப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காயலாங்கடை. உடைந்த மிக்ஸி மோட்டார்களுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவில்தான் என் முதல் சவரக்கத்தி கிடைத்தது. கறுப்புக் கொம்பில் பிடி, அலகெல்லாம் துரு, பிடியை ஒட்டிய கூரில்லாத அடிப்பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிலுவை. கடைக்காரர் முதலில் எடைக்குத்தான் போடுவேன் என்றார். அப்புறம் என் முகத்தில் தெரிந்த ஆசையைப் பார்த்துவிட்டு 350 ரூபாய் என்றார். பேரம் பேசாமல் கொடுத்தேன். நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்து ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மறுநாளே அதைக் கெடுத்துவிட்டேன். தெருவில் சைக்கிளை நிறுத்தி, பெடலை மிதித்துச் சாணை பிடிப்பாரே, அவரிடம் கொடுத்தேன். அரிவாள்மனைக்குப் பிடிப்பது மாதிரியே பிடித்தார், பொறி பறந்தது. திரும்பி வந்த கத்தியின் வாயோரம் முழுக்க மெல்லிய நீலம் ஓடியிருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கல் அதற்கானது இல்லை. இரும்பில் நீலம் தெரிகிறது என்றால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சவரக்கத்தியை உருவாக்கும்போது கடைசியாகப் பதம் வைப்பதே சுமார் 200 டிகிரிக்குள்தான். அதைத் தாண்டினால் இரும்பு இளகிப்போகும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கத்தி அரைக் கன்னத்துக்கு மேல் தாங்கவில்லை.

ஆகவே ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கத்தி வாங்கும்போது நாம் வாங்குவது நல்ல இரும்பு மட்டும்தான். கூர் அதோடு வராது. 'அப்படியே சவரம் செய்யலாம்' என்று எழுதி ஆன்லைனில் விற்பவர்களிடம் நான் வாங்கிய மூன்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'எரியுது, இழுக்குது, எனக்கு ஒத்துவரல' என்று விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் கையின் பயம் காரணமில்லை, கத்தியின் மொண்ணைதான் காரணம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் முகத்தைப் பற்றி இருக்காது.

யாருக்கு வேண்டாம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகம் நிறையப் பரு இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். கைக்கெட்டும் இடத்தில் கத்தியை வைக்கிற பழக்கமும் வீட்டில் சின்னக் குழந்தைகளும் சேர்ந்திருந்தால் முதலில் ஒரு பூட்டு வாங்குங்கள்.

சலூன்களில் இந்தக் கத்தி ஏன் மறைந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்குப் பின் வந்த விழிப்புணர்வில்தான் ஒரே கத்தியைப் பலருக்குப் போடும் வழக்கம் போய், ஆளுக்கொரு அரை பிளேடு என்றானது. நியாயமான மாற்றம். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். எனவே வீட்டிலும் ஒரு கத்தி ஒரு முகத்துக்குத்தான். அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

உலகத்தில் சவரக்கத்திக்குப் பேர்போன ஊர்கள் இரண்டு: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன். சுவீடனின் எஸ்கில்ஸ்டுனா, பிரான்சின் தியேர் இரண்டும் அடுத்த வரிசை. இந்த நான்கில் எந்த ஊர்ப் பெயர் அடிப்பக்கத்தில் வெட்டியிருந்தாலும் இரும்பை நம்பலாம். சோலிங்கன் என்ற பெயரை அந்த ஊருக்கு வெளியே செய்த கத்தியில் போடக்கூடாது என்று 1938-ல் சட்டமே வந்தது. ஊரோடு இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாட்டின் பெயரும் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு பரவிய வழக்கம் அது.

ஷெஃபீல்டு என்றதும் நம்மூர்க்காரனுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்றொருவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சேலத்து இரும்புக் கல்லைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டு, 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். தொழில் நிலைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியவர், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகின் விலை இறங்கியது அதனால்தான். ஊரே அந்த முறையைச் சின்னதாக மாற்றிக் காசு தராமல் பயன்படுத்திக்கொண்டது, அவர் கோர்ட்டுக்கு அலைந்தே ஓய்ந்தார். சேலத்து இரும்புக் கல் கிடைக்கும் கஞ்சமலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த பழைய ஷெஃபீல்டு கத்தி கிடைத்தால் வெள்ளி என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியும் நம் தென்னாட்டு உருக்கின் ரகசியம் என்ன என்று ஆராயப் போய், எஃகில் 500-ல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துப் பார்த்தார்கள். 1820-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அதன்பிறகு அந்தப் பெயர் கத்திகளில் விளம்பரமாக ஒட்டிக்கொண்டது.

இனி கத்தியைக் கையில் எடுங்கள். மேலே தடித்திருப்பது முதுகு, கீழே வாய், முன்னால் மூக்கு, பிடியை ஒட்டிய பின்பக்கம் குதி, விரல் வைக்க வளைந்து நிற்பது வால். அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். 4/8-க்குக் கீழே தேய்ந்தது ஆட்டம் காட்டும், 7/8-க்கு மேலே மூக்கின் கீழ் திரும்பாது. மூக்கு உருண்டையாக இருக்கட்டும். சதுர மூக்கு காதுமடலைக் கிழிக்கும். சதுரம்தான் கிடைத்தது என்றால், அந்த முனையை மட்டும் கல்லில் மூன்று நான்கு முறை லேசாகத் தேய்த்து மழுக்கிவிடலாம்.

அலகின் பக்கங்கள் எவ்வளவு குழிந்திருக்கின்றன என்றும் பாருங்கள். ஆப்பு மாதிரி குழியே இல்லாத பழைய ஷெஃபீல்டு கத்திகள் தாடிக்கு அருமையானவை, ஆனால் கல்லில் தீட்டினால் தீராது. முழுக்கக் குழிந்தவை காகிதம் போல மெல்லியவை, முகத்தில் ஓடும்போது கிண்ணென்று பாடும். ஆரம்பத்துக்கு அரைக்குழிவு நல்லது.

கத்தியை வேண்டாம் என்று திருப்பி வைக்க வேண்டிய காரணங்கள் நான்குதான். ஒன்று, வாயில் விரிசல். கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை மெதுவாக, அழுத்தாமல் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் விரிசல் முடி போலத் தெரியும். விரிசலுக்கு வைத்தியம் இல்லை. இரண்டு, வாயை ஒட்டிய குழித் துரு. அலகின் நடுவில் எவ்வளவு கறுத்திருந்தாலும் பரவாயில்லை, வாயில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்டப் புதுக் குழி வந்துகொண்டே இருக்கும். மூன்று, சிரிப்புக்குப் பதில் அழுகை: வாய் வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தால் நல்லது, உள்பக்கம் வளைந்திருந்தால் கல்லில் நடுப்பகுதி படவே படாது. நான்கு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த முதுகு. முதுகில் பட்டையாக மின்னும் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் எப்படித் தீட்டினார் என்பது அந்தப் பட்டையிலேயே எழுதியிருக்கும்.

பிடியைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. யானைத் தந்தப் பிடி, ஆமையோட்டுப் பிடி போட்ட கத்தியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே தந்த வியாபாரம் குற்றம். 'தாத்தா காலத்துதுங்க' என்பது கோர்ட்டில் எடுபடாது. அடுத்தது செல்லுலாய்டு. கண்ணாடி போல, ஆமையோடு போல, முத்துச்சிப்பி போல எல்லாம் வேஷம் போடும் பழைய பிளாஸ்டிக். வயதானால் தானே சிதைந்து அமில ஆவி விடும், அது பக்கத்தில் இருக்கும் எஃகைத் தின்னும். பிடி மூடியிருந்த பாகம் மட்டும் வினோதமாகத் துருப்பிடித்திருந்தால் காரணம் இதுதான். தீயும் சட்டென்று பிடிக்கும். கொம்பு, எலும்பு, கருங்காலி, பேக்கலைட் எல்லாம் நல்லவை.

நம்மூரில் எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். காயலாங்கடை, பழைய பாத்திரக்கடை, எஸ்டேட் பங்களா சாமான்களை மொத்தமாக எடுக்கிறவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்டதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அந்த மலையில் இருந்தார்கள், அவர்கள் விட்டுப்போனதில் இன்னும் சில சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதைவிட நல்ல வழி, தலைமுறையாகத் தொழில் செய்யும் சலூன்காரர் வீடு. அவர்கள் அப்பாவின் அடைப்பத்தில், அதாவது சவரக் கருவிப் பையில், இரண்டு மூன்று கத்தி தூங்கும். அதைப் பொருளாகப் பார்த்து விலை பேசாதீர்கள். அது ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட கருவி, கொடுக்க மனமில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

துருவும் அழுக்கும்

வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேயுங்கள், ஆணி அடித்த மூட்டுக்குள்ளும் சேர்த்து. துடைத்துவிட்டு அலகை மட்டும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கால் மணி நேரம் நிற்க வையுங்கள். செல்லுலாய்டு பிடியில் அது படக்கூடாது. பிளீச்சிங் திரவம் கிருமியைக் கொல்லும், கத்தியையும் கொல்லும். கொதிநீரில் போட்டால் கொம்புப் பிடி முறுக்கிக்கொள்ளும்.

துருவுக்கு உலோகப் பாலிஷ் பசையும் பழைய வேட்டித் துணியும் முதல் மருந்து. போகாவிட்டால் 1000 நம்பர் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), பிறகு 2000. துடைப்பது எப்போதும் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக வெளியே போகட்டும். வெளியிலிருந்து வாயை நோக்கி விரல் வந்தால் மொண்ணைக் கத்திகூடப் பதம் பார்க்கும். டிரில்லில் சக்கரம் மாட்டிப் பாலிஷ் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் நீலக்கத்தி கதையையே திரும்பச் சொல்வேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறிந்தால் கொலுசு போல மெதுவாக விழாது. கையாலேயே தேய்த்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கறை முழுக்கப் போக வேண்டியதில்லை. சிவப்புத் துரு போனால் போதும், கறுப்புக் கறை பாட்டுக்கு இருக்கட்டும்.

இந்த வேலை தொடங்கும் முன், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் தாண்டிவிட்டதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்

அம்மாபேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் கத்தி பிடித்தவர், இப்போது கடையை மகன் பார்க்கிறார். அவரிடம் என் இரண்டாவது கத்தியைக் கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தார், கட்டைவிரலைக் குறுக்காக வைத்து வாயைத் தடவினார், சிரித்தார். "இதுல வெண்ணெய் வெட்டலாங்க தம்பி." பிறகு எனக்கு எதிரிலேயே கல்லை நனைத்து உட்கார்ந்தார். நான் செய்து காட்டியபோது அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "அமுக்காதீங்க. கத்திக்கு அடியில ஒரு எறும்பு போனா அது சாகக் கூடாது."

அவர் காலத்தில் கல் ஒன்றுதான், கை பத்து. நமக்குக் கை இல்லாததால் கல் மூன்று நான்கு வேண்டும். 1000, 4000, 8000, முடிந்தால் 12000 நம்பர் செயற்கை நீர்க்கற்கள்; நம்பர் கூடக்கூடக் கல் நுண்மையாகும். இதற்குச் சில ஆயிரம் ஆகும், கத்தியைவிடக் கல்தான் செலவு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்புச் சாணைக்கல் அரிவாளுக்கு, இதற்குப் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம். கல் செலவு வேண்டாம் என்றால் இந்தப் பெரியவர் மாதிரி ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து முதல் கூரை அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. நல்ல கூர் எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது தெரிந்தால்தான் நம் கூர் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

முதல் வேலை கல்லைச் சமமாக்குவது. புதுக் கல்லும் சமமாக இருக்காது. கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, மேலே 400 நம்பர் நீர்த்தாளை நனைத்து ஒட்டுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போடுங்கள். கட்டம் முழுதும் அழியும் வரை தேயுங்கள். நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம்.

சவரக்கத்தியில் கோணம் பிடிக்க வேண்டியதில்லை, அதுதான் இதன் அழகு. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்க வைத்தால் போதும். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானிக்கும், கிட்டத்தட்ட 16, 17 டிகிரி வரும். சமையல் கத்தி தீட்டிய பழக்கத்தில் முதுகைத் தூக்கிவிட்டால் எல்லாம் போச்சு. முதுகு தேயாமல் இருக்க எலக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று ஒட்டலாம். ஒட்டினால் கடைசிக் கல் வரை அதே ஒரு சுற்று இருக்க வேண்டும், அடுத்த முறையும் அப்படியே.

வாயை முன்னால் விட்டு, கல்லின் மேல்தோலைச் சீவுவது போலத் தள்ளுங்கள். கல் கத்தியைவிடக் குறுகலாக இருந்தால் நேராகத் தள்ளாமல் குதியில் தொடங்கி மூக்கில் முடியும்படி குறுக்காக இழுத்துக்கொண்டே தள்ள வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கம் அதேபடி திரும்புங்கள். போனதும் வந்ததும் சேர்த்து ஒன்று.

1000 நம்பர் கல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வாயின் இரு பக்கச் சரிவும் ஒரு கோட்டில் சந்திக்கும் வரை அந்தக் கல்லை விட்டு நகரக் கூடாது. நூறு ஆகலாம், முந்நூறு ஆகலாம். எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று பார்க்க வாயோரம் கறுப்பு மார்க்கரைத் தீட்டிவிட்டு ஒரு முறை தள்ளிப் பாருங்கள். மை மிச்சமிருக்கும் இடம் கல்லில் படாத இடம். நகைப்பட்டறைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி செவ்வாய்ப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும், அதில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயை நேராகக் கண்ணுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் எங்கும் பிரதிபலிக்கக் கூடாது. வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் மொண்ணை. கடைசிச் சோதனை தக்காளி. பழுத்த தக்காளியின் தோல் மேல் கத்தியை அதன் எடையிலேயே வைத்து இழுத்தால், குதி, நடு, மூக்கு மூன்று இடத்திலும் வழுக்காமல் இறங்க வேண்டும். நான் இதைக் கற்றது தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்ற மாதத்தில். வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அன்றெல்லாம் ரசம்தான்.

தக்காளி தேறிவிட்டதா, மிச்சம் சுலபம். 4000-ல் நாற்பது, 8000-ல் முப்பது, 12000-ல் இருபது. குத்துமதிப்பான கணக்கு இது. ஒவ்வொரு கல்லிலும் முந்தைய கல்லின் கீறல் மறைந்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். போகப்போக அழுத்தம் குறைய வேண்டும், கடைசியில் அந்த எறும்பு நடந்துபோக வேண்டும். 8000 முடிந்தபின் முன்கை முடி தோலைத் தொடாமலேயே உச்சியில் வெட்டுப்படும். வெட்டவில்லை என்றால் 12000-க்குப் போய்ப் பயனில்லை, மறுபடி 1000-க்குத்தான் போக வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும். எனக்கு நான்கு முறை போனது.

வார்

கல் கூர் வைக்கும். தோல்வார் அந்தக் கூரை ஒவ்வொரு நாளும் நிமிர்த்தும். இரண்டரை, மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத் தோல் போதும். நீட்டினால் ரப்பர் போல இழுபடும் பெல்ட் தோல் உதவாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய பாணித் தோல் கிடைத்தால் விடாதீர்கள். ஈரோடு, திண்டுக்கல் பக்கம் அந்த முறைக்குப் பேர் உண்டு. செருப்புத் தைப்பவரிடம் 'பட்டைத் தோல்' என்று கேட்டால் புரிந்துகொள்வார். பின்பக்கம் தடித்த காடாத் துணிப் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் கம்பியில் ஒரு முனையை மாட்டி மறுமுனையை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்த வார் வாயை உருட்டிவிடும். கல்லுக்கு நேர் எதிர் இங்கே: முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால் வார் இரண்டாகும், நான் செய்து பார்த்துவிட்டேன். துணியில் இருபது, தோலில் ஐம்பது, ஒவ்வொரு சவரத்துக்கு முன்னாலும். சினிமாவில் சடசடவென்று அடிப்பதைப் பார்த்து வேகம் காட்டாதீர்கள். புரட்டும்போது முதுகு தோலை விட்டு எழாமல் இருந்தால் வேகம் தானாக வரும்.

தண்ணீர், நுரை

சேலத்தில் போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் நுரை வராது என்று பலர் சோப்பைக் குறை சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடுவதுதான் காரணம். ஒரு சொம்பு மேட்டூர்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள், அதே சோப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஏற்காட்டில் இருப்பவர்கள் வெந்நீர் வையுங்கள், டிசம்பரில் பச்சைத்தண்ணீர் பட்ட தாடி கம்பி மாதிரி நிற்கும்.

வெந்நீரில் குளித்துவிட்டு உடனே தொடங்குவது நல்லது. ஸ்பிரேயில் வரும் நுரை வேண்டாம், அதில் காற்றுதான் அதிகம். சோப்பும் பிரஷும். தயிர் போல ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும், பஞ்சு போல உப்பி நிற்கக் கூடாது.

முகம்

இரண்டு நாள் தாடியோடு கண்ணாடி முன் நின்று, முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவிப் படித்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வரும், கழுத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. எனக்கு வலப்பக்கக் கழுத்தில் காதை நோக்கிப் படுத்திருக்கிறது. முதல் மாதம் முழுக்க முடி சாயும் திசையில் மட்டுமே மழிக்க வேண்டும்.

முதல் வாரம் இரண்டு கன்னம், அவ்வளவுதான். மிச்சத்தை வழக்கமான ரேசரில் முடியுங்கள். காதோரத்திலிருந்து தாடையெலும்பு வரை உள்ள தட்டையான இடம் மன்னிக்கும் இடம். கட்டைவிரல் கூரில்லாத அடிப்பக்கத்தின் கீழே, மூன்று விரல் அதன் மேலே, சுண்டுவிரல் வாலில், பிடி மேலே நிமிர்ந்து நிற்கட்டும். மறுகையால் தோலை மேல்நோக்கி விறைப்பாக இழுங்கள். இந்த இழுப்புதான் பாதி சவரம். சோப்பில் விரல் வழுக்கினால் படிகாரக் கட்டியைத் தொட்டுக்கொள்ளுங்கள், பிடிப்பு வந்துவிடும்.

கத்தியை முதலில் தோலில் தட்டையாகப் படுக்க வையுங்கள். அங்கிருந்து முதுகை, முதுகின் தடிமன் அளவுக்கே தூக்குங்கள். அதுதான் தொடங்கும் கோணம். 30 டிகிரியைத் தாண்டினால் சுரண்டும், மிகவும் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் நீளத்தில் சின்னச் சின்ன இழுப்பு. எறும்பு இங்கேயும் உண்டு. கத்தி அதன் நீளவாக்கில், அதாவது மூக்கு–குதி திசையில், ஒரு நூல்கூட நகரக் கூடாது. கீழ்நோக்கி வரும்போது அது சவரம், பக்கவாட்டில் நகர்ந்தால் வெட்டு. வாழைக்காய் சீவும்போது கை இயல்பாகச் செய்யும் வேலை அதுதான், அதைத்தான் மறக்க வேண்டும்.

இடக்கன்னத்துக்கு இடக்கையா வலக்கையா என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் வலக்கை மட்டும்தான். முகத்துக்குக் குறுக்கே கை வருவதால் கண்ணாடி மறையும், கொஞ்சம் திரும்பி நின்றால் சரியாகும்.

இரண்டாம் வாரம் தாடைக்குக் கீழும் கழுத்தும். தலையை அண்ணாந்து தோலைக் கீழே இழுங்கள். குரல்வளை மேட்டைத் தாண்டாதீர்கள், தோலை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் மேட்டை விட்டு நகரும், அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தை எடுக்கலாம். மூன்றாம் வாரம் மேலுதடு, கடைசியாக மோவாய். மோவாய்தான் எல்லோரையும் ரத்தம் பார்க்க வைக்கும். முடி தடிப்பு, எலும்பு உருண்டை, கோணம் நொடிக்கு நொடி மாறும். கீழுதட்டை உள்ளே மடித்துத் தோலைத் தட்டையாக்கி, அரை அங்குல இழுப்பாக எடுங்கள். குறுக்குவாட்டில் இரண்டாம் சுற்று வேண்டுமானால் மாதம் தாண்டிப் பார்க்கலாம். எதிர்த்து மழிப்பதை நான் இரண்டு வருஷம் கழித்தும் கழுத்தில் செய்வதில்லை.

கத்தி கை நழுவி விழுந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கப் போகாதீர்கள், காலை மட்டும் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் மூக்கு உடையும், வேறு வாங்கிக்கொள்ளலாம். வாஷ்பேசின் குழாயில் இடிப்பது இதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து. ஈரத் துண்டை பேசின் விளிம்பில் போட்டு வையுங்கள்.

கீறினால் பதற வேண்டாம். நல்ல கூர் கீறியது சுத்தமான கோடாக இருக்கும், பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிஷம் அழுத்தி, பிறகு நனைத்த படிகாரம். முடிந்தபின் முகம் முழுக்கவே படிகாரத்தைத் தடவிப் பாருங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே கோணமோ அழுத்தமோ தப்பு. இலவச ஆசிரியர் அது. முகம் முழுக்க ஒரே மாதிரி எரிந்தால் கையைச் சந்தேகப்படாதீர்கள், கல்லுக்குத் திரும்புங்கள்.

பிறகு

ஈரத்தைத் துணியில் ஒற்றி, காடாப் பட்டையில் பத்து முறை இழுத்து, பத்து நிமிஷம் ஃபேன் காற்றில் திறந்தபடி வையுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், மூட்டு ஆணிக்கும் சேர்த்து. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும், 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் ஏற்காட்டில் பாதி நாள் கட்டியாகத்தான் கிடைக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஈரப்பதம் தனித் தலைவலி. ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் நண்பருக்கு என் கத்திகளில் ஒன்றைக் கொடுத்தேன். தோலுறையில் பத்திரமாக வைத்திருந்தார். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அலகு முழுக்கச் செம்மண் நிறம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பனி இறங்கும் ஊரில் குளியலறையில் வைக்கவே கூடாது. மூடி இறுகும் ஒரு டப்பா, உள்ளே செருப்பு அட்டைப்பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்னப் பொட்டலம் இரண்டு, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றிய கத்தி. செல்லுலாய்டு பிடி என்றால் மட்டும் டப்பா கூடாது, காற்றாடத் திறந்த அலமாரியில் தனியாக இருக்க வேண்டும்.

வார் சரியாகப் பிடித்தால் வைத்த கூர் இரண்டு மூன்று மாதம் வரும். மேலுதட்டில் இழுக்க ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. அப்போதே 12000 கல்லில் பத்து முறை தள்ளினால் திரும்பிவிடும், 1000-க்குப் போக வேண்டியதில்லை. நண்பரின் கத்தி துருவோடு இப்போது என் மேசையில்தான் கிடக்கிறது. வாயில் குழி விழவில்லை, தேறிவிடும். தக்காளி வாங்க வேண்டும்.